ஒருவேளை அண்ணியின் ஆந்தைகள்

என் அண்ணிக்கு அவருடைய அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது. வீட்டில் அவருக்குப் பெயர் ‘ஒருவேளை’. வைத்தவன் என் அண்ணன். கல்யாணமான புதிதில் இருவரும் வெளியூருக்குக் கிளம்பி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும், “ஒருவேளை அடுப்பை அணைக்கலையோ?” என்று இவர் ஆரம்பித்திருக்கிறார். இறங்கித் திரும்பி வந்து பார்த்தால் அடுப்பு சமர்த்தாக அணைந்துதான் கிடந்தது. அடுத்த பஸ்ஸில் ஏறியதும், “ஒருவேளை அவசரத்துல கதவைப் பூட்டலையோ?” அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர். பக்கத்து வீட்டுக்காரர்கள்கூட, “ஒருவேளை அக்கா இருக்காங்களா?” என்றுதான் வாசலில் நின்று கேட்பார்கள்.

நான் அண்ணனின் தங்கை. அதே வீட்டின் மாடியில் இருக்கிறேன். டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது என் வேலை. முன்பின் தெரியாத யாராவது ஒருவர் தினமும் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு லாரிக்கு நேராக ஓட்டுவார். அதனால் எனக்குப் பயம் என்பது எப்போதோ மரத்துப்போய்விட்டது. பயப்படுகிறவர்களைக் கண்டால் பொறுமையும் கிடையாது. அண்ணியைக் கிண்டல் செய்வதில் அண்ணனுக்கு நான் கொஞ்சமும் சளைத்தவள் இல்லை.

அண்ணியின் பயத்துக்குச் சம்பளம் கொடுக்கிற இடமும் ஒன்று இருக்கிறது. மருந்து கம்பெனியின் பேக்கிங் பிரிவு. பெல்ட்டில் மாத்திரை அட்டைகள் ஓடி வந்துகொண்டே இருக்கும். எதிலாவது ஒரு குழி காலியாக இருந்தாலோ மாத்திரை உடைந்திருந்தாலோ எடுத்துப் போட வேண்டும். மற்றவர்கள் கொஞ்ச நேரத்திலேயே கொட்டாவி விட ஆரம்பித்துவிடுவார்கள். அண்ணி கண்ணை உருட்டிக்கொண்டு, அடுத்த அட்டையில்தான் ஆபத்து இருக்கிறது என்பதுபோல உட்கார்ந்திருப்பார். அவர் பார்த்து அனுப்பிய பெட்டியில் குறை என்று யாரும் இதுவரை வாய் திறந்ததில்லையாம். சூப்பர்வைசர் சொல்லியிருக்கிறார்.

அந்தக் கம்பெனியில் அச்சு சரியாக விழாத பெட்டி அட்டைகளைக் கழித்துப் போடுவார்கள். அண்ணி அவற்றைக் கேட்டு வாங்கிவந்து, வருஷக் கடைசி விடுமுறை நெருங்கும்போது பரிசுப் பொம்மைகள் செய்வார். எப்போதும் ஆந்தைதான். அட்டையை இரண்டு அடுக்காக ஒட்டி உடம்பு, வண்ணக் காகிதத்தை வரிவரியாகக் கத்தரித்து இறகு, பெரிய வட்டக் கண், கெட்டி அட்டையில் மூக்கு. வயிறு மட்டும் மெல்லிய காகிதம். அதற்குள் மிட்டாய்களும் ஒரு பிளாஸ்டிக் விசிலும் இருக்கும். பிள்ளைகள் வயிற்றைக் கிழித்து எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். “கண்ணாடியைப் பாத்துத்தானே செய்யுறே?” என்று அண்ணன் கேட்பான். பொய் சொல்லக் கூடாது, அந்த முழி அப்படியே அண்ணியின் முழிதான்.

இந்த வருஷம் எங்கள் ஏரியாவில் இருக்கும் பகல்நேரக் குழந்தைகள் காப்பகத்தில் ஆந்தை கேட்டார்கள். விடுமுறை விடும் நாளன்று சாயங்காலம் பிள்ளைகளுக்குச் சின்னதாக ஒரு விருந்து, ஆளுக்கொரு ஆந்தை. கூடத்து மேசையை வாரக்கணக்கில் அண்ணி பிடித்துக்கொண்டார். நாங்கள் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டோம். கண்ணுக்குப் பொத்தான் தைத்தால் அழகாக இருக்குமே என்றேன். “ஒருவேளை பிச்சு முழுங்கிட்டா?” என்றார். ஜிகினாத்தூள் ஒருவேளை கண்ணில் விழுந்துவிடும். ஸ்டேப்ளர் பின் ஒருவேளை கையில் குத்திவிடும். ஆகவே பசை, காகிதம், அட்டை தவிர வேறு எதுவும் அந்த ஆந்தைகளில் கிடையாது.

அன்று காலையில் அவற்றைக் கொண்டுபோய்க் கொடுத்தாயிற்று. நான் தாமதமாக, மூன்று மணிக்கு மேல் சாப்பிட வந்தபோது, அண்ணி மேசைக்குப் பக்கத்தில் அசையாமல் நின்றுகொண்டிருந்தார். கையில் கட்டர். பிடியிலிருந்து பிளேடைத் தள்ளித் தள்ளி வெட்டுவோமே, அந்தக் கட்டர்தான். பிளேடில் கோடுகோடாகப் போட்டிருக்கும். நுனி மழுங்கினால் அந்தக் கோட்டில் ஒடித்துவிட்டு அடுத்த துண்டால் வெட்டலாம்.

“என்ன அண்ணி?”

“நுனி இல்ல.”

“மழுங்குச்சுன்னா நீங்கதானே ஒடிச்சுப் போடுவீங்க?”

“நான் ஒடிச்சா கோட்டுல நேரா ஒடியும். இது குறுக்கால உடைஞ்சிருக்கு, பாரு.”

பார்த்தேன். சரிவாக, கோணலாக உடைந்திருந்தது. போன துண்டு சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னதாக இருக்கும். அண்ணி ‘ஒருவேளை’ என்று ஆரம்பிக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இருந்தாலும் விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. கீழே விழுந்திருக்கும், பெருக்கும்போது போயிருக்கும் என்றேன். அண்ணி ஏற்கெனவே தரையைத் தடவியிருந்தார். குப்பைக் கூடையைச் செய்தித்தாளில் கொட்டிக் கிளறியிருந்தார். அண்ணனுக்கு ஃபோன் போட்டோம். கட்டரைத் தொடவே இல்லை என்று சத்தியம் செய்தான். “மறுபடியும் ஆரம்பிச்சுட்டாளா?” என்று சிரிக்கவும் செய்தான்.

“மூக்கு வெட்டும்போதுதான் கெட்டி அட்டை,” என்றார் அண்ணி. “ஒரு தடவை கட்டர் வழுக்கின மாதிரி இருந்துச்சு. அந்த நேரம் பார்த்து ஃபோன் அடிச்சுது. எடுத்துப் பேசிட்டு வந்து பாக்காம ஒட்டிட்டேன். பிள்ளைங்க கையால கிழிக்கும். வராட்டி பல்லால கடிக்கும்.”

அவருடைய மேலுதடு வியர்த்திருந்தது. அவர் அடுப்புக்குப் பயந்து பார்த்திருக்கிறேன், பூட்டுக்குப் பயந்து பார்த்திருக்கிறேன். இந்த முகம் புதிது.

அண்ணனுக்கு ரேடியோ, ஸ்பீக்கர் ரிப்பேர் தொழில். அவன் பெட்டியைக் குடைந்து, பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம் ஒன்றை அண்ணி எடுத்தார். மிச்சமிருந்த பிளேடிலிருந்து ஒரு துண்டை ஒடித்து, இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்து, மேலே காந்தத்தைக் காட்டினார். ‘டிக்’ என்று அட்டையோடு வந்து ஒட்டியது. காப்பகத்துக்கு ஃபோன் போட்டால் லைன் பிஸியாகவே இருந்தது. அண்ணி காந்தத்தையும் கட்டரையும் பைக்குள் போட்டுக்கொண்டு செருப்பை மாட்டினார்.

டிரைவிங் ஸ்கூல் காரில் சொல்லிக்கொடுப்பவர் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். அந்தப் பக்கம்தான் அண்ணி உட்கார்ந்தார். முனைக்கு முனை அவர் கால் தானாகப் போய் அதை மிதித்தது. வண்டி குதிரை மாதிரி உதறி நின்றது.

“அண்ணி, காலை எடுங்க. நேரத்துக்குப் போகணுமா வேண்டாமா?”

“போகணும்,” என்றார். கால் மட்டும் பிரேக்கிலேயே இருந்தது.

எனக்குப் புரிந்தது. அவருக்கு இருந்த பயம் ஒன்றல்ல. பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தில் நிறுத்தச் சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்து வருகிறவர் அவர். காப்பகத்துப் பொறுப்பாளர் அம்மாவோ, பேசினால் ஜன்னல் கதவு அதிரும். அவருக்கு முன்னால் போய் நின்று, நான் கொடுத்த பொம்மையில் பிளேடு இருக்கிறது என்று சொல்ல வேண்டும்.

“நான் சொல்லிக்கிறேன், நீங்க வண்டியிலேயே இருங்க,” என்றேன்.

அண்ணி தலையாட்டி மறுத்தார். “செஞ்சது நான்.”

நாங்கள் நுழைந்தபோது பிள்ளைகள் பாயில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். மேசையில் ஆந்தைகள் வரிசையாக நின்று எங்களையே முழித்துப் பார்த்தன. ஆயா முதல் ஆந்தையைக் கையில் எடுத்துவிட்டார்.

“யாருக்கும் குடுக்காதீங்க,” என்றார் அண்ணி. குரல் பிசிறியது. எல்லாரும் திரும்பினார்கள். அத்தனை முகமும் தன்னைப் பார்த்ததும் அண்ணிக்கு வாய் அடைத்துவிட்டது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு மறுபடி சொன்னார். “உள்ள பிளேடு துண்டு இருக்கு. எதுலன்னு தெரியல.”

பொறுப்பாளர் அம்மாவின் முகம் வெளுத்துப்போனது. அவர் எதுவும் கேட்பதற்குள் அண்ணி காந்தத்தை எடுத்து முதல் ஆந்தையின்மேல் வைத்தார்.

டிக்.

அப்பாடா, அகப்பட்டது என்று நான் மூச்சு விட்டேன். அண்ணி எதற்கோ அடுத்த ஆந்தையிலும் வைத்துப் பார்த்தார். டிக். அதற்கடுத்தது. டிக். எடுத்ததெல்லாம் டிக், டிக் என்றே சொன்னது. அண்ணி காந்தத்தைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார். ஒரு துண்டு பிளேடு எப்படி எல்லா ஆந்தைக்குள்ளும் இருக்க முடியும்?

ஆயாதான் தயங்கித் தயங்கி வாயைத் திறந்தார். “பேர் மாறிடக் கூடாதுன்னு சீட்டு எழுதிப் பின் அடிச்சேன்மா. எல்லாத்துக்கும்.”

இறக்கைக்கு அடியில் ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்டேப்ளர் பின். அண்ணி பயந்து பயந்து ஒதுக்கிய அதே பின். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. காரிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவந்தேன். நானும் ஆயாவும் பின்னைப் பிடுங்கப் பிடுங்க, அண்ணி காந்தத்தை வைத்துப் பார்த்தார். பொறுப்பாளர் அம்மா கையைப் பிசைந்துகொண்டு பக்கத்திலேயே நின்றார். அதிர்கிற குரல் எங்கே போனதோ.

“ஆந்தைக்கு ஊசி போடுறாங்களா?” என்று ஒரு வாண்டு கேட்டது.

“ஆமா, அழாம போட்டுக்குது பாரு,” என்றேன். என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை.

கடைசி ஆந்தை வரை பார்த்தாயிற்று. ஒன்றிலும் இல்லை. “பாத்தீங்களா? தரையிலதான் எங்கேயோ விழுந்திருக்கு,” என்றேன். பொறுப்பாளர் அம்மா நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

அண்ணி மட்டும் மேசையை விட்டு நகரவில்லை. விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். திரும்ப எண்ணினார்.

“ஒண்ணு குறையுது.”

ஆயாவின் கை வாய்க்குப் போனது. ஒரு பெண் குழந்தைக்குக் காலையிலிருந்து உடம்பு சுட்டதாம். அவள் அம்மா வந்து மதியமே அழைத்துப் போய்விட்டார். விருந்து போச்சே என்று அது அழுததால், அதன் ஆந்தையைக் கையில் கொடுத்து அனுப்பியிருந்தார்கள்.

ஃபோன் போட்டார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. மறுபடி போட்டார்கள். அந்த மணிச் சத்தம் என் காதுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. விலாசத்தைக் கேட்டுக்கொண்டு ஓடினோம். சிக்னலில் எனக்கு கிளட்ச் நழுவி வண்டி அணைந்தது. எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்த காலுக்கு எதை அமுக்குவது என்று மறந்துபோனது. ஏன் ஃபோனை எடுக்கவில்லை, எந்த ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்களோ என்று மனசு கண்டதையும் காட்டியது. இது ஒரு நாளில் எனக்கு. அண்ணி இதோடுதான் குடித்தனம் நடத்துகிறார்.

மாடிப்படி ஏறிக் கதவைத் தட்டினோம். திறந்த பெண் உதட்டில் விரலை வைத்தார். “மெதுவா. இப்பதான் தூங்கினா.” ஃபோன் சத்தத்தை அணைத்துப் போட்டிருந்தாராம்.

“காப்பகத்துல குடுத்த ஆந்தை எங்கங்க?” என்றார் அண்ணி.

“கட்டிப் பிடிச்சுக்கிட்டுத் தூங்குறா. ஏன், என்ன?”

அண்ணி விறுவிறுவென்று உள்ளே போனார். யார் வீட்டுக்குள்ளும் கேட்காமல் நுழைகிறவர் அல்ல அவர். குழந்தை ஒருக்களித்துப் படுத்திருந்தது. கன்னத்துக்கு அடியில் ஆந்தை. அதன் வயிறு கிழிந்து கிடந்தது. தலையணையில் மிட்டாய்க் காகிதங்கள்.

அண்ணி கட்டிலருகே மண்டியிட்டார். நானாக இருந்தால் வெடுக்கென்று பிடுங்கியிருப்பேன். அவர் ஒரு கையால் குழந்தையின் தலையைத் தாங்கி, மறுகையால் ஆந்தையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி எடுத்தார். மூக்கின்மேல் காந்தத்தை வைத்தார்.

டிக்.

அங்கே பின் எதுவும் இல்லை. ஜன்னல் பக்கம் கொண்டுபோய் மூக்கு அட்டையைப் பிரித்தார். இரண்டு அடுக்குக்கும் நடுவில், பசையில் ஒட்டிக்கொண்டு பிளேடு துண்டு இருந்தது. கூர் மட்டும் வெளியே நீட்டியிருந்தது. வயிற்றிலிருந்து மேலே ஏறிய கிழிசல் அந்தக் கூருக்கு ஒரு நகக்கண் இடைவெளியில் நின்றிருந்தது. அதற்குள் காய்ச்சல் அசதியில் குழந்தை தூங்கிவிட்டது போலிருக்கிறது.

அண்ணி பையிலிருந்து கட்டரை எடுத்து, உடைந்த இடத்தில் அந்தத் துண்டைப் பொருத்திப் பார்த்தார். இடைவெளி இல்லாமல் பொருந்தியது. வேறு சில்லு எதுவும் எங்கேயும் போகவில்லை. அதற்குப் பிறகுதான் சுவரில் சாய்ந்தார்.

குழந்தையின் அம்மா அதைப் பார்த்துவிட்டு, தூங்குகிற பிள்ளையை வாரி எடுத்தார். ஃபோன் வெளிச்சத்தில் வாய், உதடு, கன்னம், ஒவ்வொரு விரலாகப் பார்த்தார். எங்கும் ஒரு கீறல் இல்லை. குழந்தை விழித்து, என் ஆந்தை எங்கே என்று அழுதது.

“நீங்க செஞ்சதா இது?”

“ஆமாங்க. நான்தான்.”

“புள்ளைக்குக் குடுக்கிற சாமான்ல பிளேடை வச்சு ஒட்டியிருக்கீங்க.”

“ஆமாங்க.”

வேண்டுமென்றேவா செய்தார் என்று கேட்க நான் வாயெடுத்தேன். அண்ணி என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினார்.

அந்தப் பெண் கட்டிலில் உட்கார்ந்து குழந்தையைத் தட்டிக்கொடுத்தார். தட்டத் தட்ட அவருடைய கோபமும் இறங்கியது. குழந்தை மறுபடி கண் மூடியது.

“நீங்க வரலைன்னா,” என்றார் கடைசியில், “இவளுக்கு என்ன ஆகியிருந்தாலும் அது எங்கேருந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரிஞ்சிருக்காது. உங்களை யாரும் தேடி வந்திருக்க மாட்டாங்க. நீங்க பாட்டுக்கு நிம்மதியா வீட்டுல இருந்திருப்பீங்க.”

“ஆமாங்க, எனக்கும் தெரிஞ்சிருக்காது,” என்றார் அண்ணி. “என்னால ஒண்ணு ஆகி, அது எனக்குத் தெரியாமலே போயிடுமோன்னு எனக்கு எப்பவும் அந்தப் பயம்தான்.”