நாலாவது சிலிண்டர்

சாவியைத் திருப்பினேன். டக், டக் என்று இரும்பில் இரும்பு மோதும் சத்தம். உடனே அணைத்துவிட்டேன். சிங்காநல்லூரில் இருபது வருடமாக ஒர்க்‌ஷாப் வைத்திருந்தவனுக்கு அந்தச் சத்தம் என்னவென்று தெரியாமல் இருக்குமா?

வண்டி பல்லடம் பக்கம் விசைத்தறி வைத்திருக்கும் குப்புசாமி அய்யாவுடையது. பழைய டீசல் கார், இரண்டு லட்சத்து எண்பதாயிரம் கிலோமீட்டர் ஓடியது. அதை ஓட்டிக்கொண்டிருந்தவள் அவர் மருமகள் கவிதா. சூலூரில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபைக் காலை ஆறு மணிக்கு அவள்தான் போய்த் திறக்க வேண்டும். அந்நேரத்துக்கு அவர்கள் ஊரிலிருந்து பஸ் கிடையாது. வண்டியில் கோளாறு இருப்பதைக் கண்டுபிடித்தவளும் அவள்தான்.

"ஏனுங்கண்ணா, மேட்டுல ஏறவே மாட்டீங்குது. புகையும் கருப்பா வருதுங்க," என்றாள்.

சரியாகத்தான் சொன்னாள். இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றிப் பார்த்தால், காற்று போகிற வழியெல்லாம் கார்பன் தார் மாதிரி அப்பியிருந்தது.

அதைச் சுரண்டி எடுப்பதில் ஒரு முறை உண்டு. சுரண்டுகிற சிலிண்டரின் வால்வு மூடியிருக்க வேண்டும். இல்லையென்றால் கார்பன் உள்ளே விழுந்துவிடும். அதனால் ஒவ்வொரு சிலிண்டருக்கும் கீழே குனிந்து, பிஸ்டனை ஏற்றி இறக்கும் கிராங்க்கைத் திருப்பி, வால்வை மூடிய பிறகுதான் கம்பியை விட வேண்டும். மூன்று சிலிண்டருக்கு ஒழுங்காகச் செய்தேன். நாலாவதுக்கு முட்டி வலித்தது. இத்தனை வருடம் பார்த்தாயிற்று, உள்ளே விழுந்தாலும் வேக்குவம் வைத்து உறிஞ்சிக்கொள்ளலாம் என்று அப்படியே சுரண்டிவிட்டேன். திமிர், வேறென்ன.

எல்லாவற்றையும் மாட்டிச் சாவியைத் திருப்பியபோதுதான் அந்தச் சத்தம். இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றினேன். கல் மாதிரி ஒரு கார்பன் கட்டி வால்வை மூடவிடாமல் சிக்கியிருந்தது. மேலே வந்த பிஸ்டன் இடித்து வால்வு வளைந்துபோயிருந்தது. அந்தக் கட்டியைத் துணியில் சுருட்டிக் குப்பையில் போட்டேன்.

மறுநாள் மாமனாரும் மருமகளும் வந்தார்கள்.

"என்னங்க தம்பி ஆச்சு?" என்றார் அவர்.

"வால்வு போயிருச்சுங்க அய்யா. வயசான வண்டி பாருங்க. கியர் மாத்தாம இழுத்து ஓட்டுனா கார்பன் கட்டி இப்படித்தானுங்க ஆகும்."

நான் யார் பெயரையும் சொல்லவில்லை. அவர் திரும்பி மருமகளைப் பார்த்தார்.

"நான் அப்படி ஓட்டலீங்க மாமா," என்றவள், என்னிடம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்கண்ணா."

நான் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் சத்தம்கூடப் போடவில்லை. "செரி, உடு அம்மணி. இனி உனக்கு வண்டி வேண்டாம்," என்றார். வேலை முடிந்ததும் சாவியை அவரே வாங்கிக்கொண்டார். எனக்கு நன்றி வேறு சொன்னார்.

அதன் பிறகு ஆயில் மாற்ற வரும்போதெல்லாம் அவரேதான் ஓட்டி வந்தார். மருமகளைப் பற்றிக் கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. எட்டு மாதம் கழித்துத் தன் சிநேகிதர் ஒருவரையும் கூட்டி வந்தார். "நம்ம தம்பி உள்ளத உள்ளபடி சொல்ற ஆளுங்க. நம்பி உடுங்க," என்று என் தோளில் கை வைத்தார். வெட்கத்தில் உடம்பு கூசியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். உட்கார்ந்ததும், அவர்கள் இருவர் முன்னாலும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

குப்புசாமி அய்யா எழுந்து, ஆணியில் மாட்டியிருந்த சாவியை எடுத்து மருமகளிடம் நீட்டினார். "இந்தா அம்மணி. நாளையிலிருந்து நீயே எடுத்துட்டுப் போ."

அவள் வாங்கவில்லை. "எங்கீங்க மாமா போறது? லேபுல அப்பவே வேற ஆளப் போட்டுட்டாங்களே," என்றாள். உள்ளே போய்க் காபி கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். "ஆறிரும், குடிங்கண்ணா."

வளைந்த வால்வுக்குப் பதில் புதிது போட எனக்கு இரண்டு நாள் ஆனது. அவள் வேலையை என்னால் திரும்ப வாங்கிக் கொடுக்க முடியவில்லை. தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் நாலாவது சிலிண்டருக்கும் குனியுங்கள். குனியாமல் விட்டுவிட்டால், அன்றைக்கே வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள். நான் எட்டு மாதம் கழித்துச் சொன்னேன்; அவள் கொடுத்த காபியைக் குடித்துவிட்டு வந்தேன்.