வீரவநல்லூர் கிராசிங்கில் ஒரு விருதுச் சண்டை

திருநெல்வேலி ஜங்ஷன், வியாழக்கிழமை, காலை ஏழு மணி. அம்பாசமுத்திரத்துக்கு டிக்கெட் பத்து ரூபாய். தூரம் முப்பத்தைந்து கிலோமீட்டர் சொச்சம். செங்கோட்டை பாசஞ்சரில் ஏறி உட்கார்ந்ததும் எதிர்சீட்டுக்காரர், "ஊருக்குப் புதுசோ? அப்போ இந்தப் பொட்டிச் சட்டம் தெரியாது" என்றார்.

அவர் சங்கரலிங்கம் அண்ணாச்சி. கல்லிடைக்குறிச்சி அப்பளக்காரர்களுக்கு உளுந்து போடும் டவுன் வியாபாரி. தினமும் இந்தப் பெட்டியில் சேர்ந்து போகிற ஏழெட்டுப் பேருக்கு அவர்தான் தலைவர். சேரன்மகாதேவி வரை அரசியல் மட்டும் பேசலாம். அங்கிருந்து வீரவநல்லூர் வரை ராஜா ராணி கதை. அப்புறம் கல்லிடை வரை விருது, சினிமா. எல்லை வராமல் பேச்சை மாற்றக் கூடாது. எனக்கு ஒரே குஷி.

கூட்டணிகள் உடைந்து, ஒட்டி, மறுபடியும் உடைந்தன. சேரன்மகாதேவி தாண்டியதும் ஏதோ ஒரு தேசத்து இளவரசர் அண்ணனோடு பேசுவதில்லை என்ற விவகாரம். "பாகம் பிரிச்சு விட்டா சரியாப் போவும்வே" என்று அண்ணாச்சி தீர்ப்புச் சொன்னார்.

வீரவநல்லூரில் கிராசிங்குக்காக வண்டி நின்றது. விருது நேரம் வந்தும் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. நான் சும்மா இருக்கக் கூடாதா? "இந்த வாரம் விருதுச் சண்டை ஒண்ணும் இல்லையா?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

ஜன்னலோரம் இருந்த கிரேஸ் டீச்சர் திரும்பினார். பாளையங்கோட்டைக்காரர், கல்லிடைப் பள்ளிக்கூடத்தில் வேலை. "இருக்கு சார். எனக்கு நல்லாசிரியர் விருது அறிவிச்சிருக்காவ. சிபாரிசுல வாங்குனதுன்னு பேப்பர்ல போட்டுட்டாவ. நான் யார் வாசல்லயும் போய் நிக்கல. நாளைக்கு மெட்ராசுக்குப் போவணும். இவங்க யாரும் அந்தப் பேச்சையே எடுக்க மாட்டேங்காவ. நீங்க வெளியூரு, சொல்லுங்க. போய் வாங்கவா, வேண்டாமா?"

எதற்காகக் கொடுக்கிறார்கள் என்று கேட்டேன். நடவுக்கும் அறுப்புக்கும் ஆள் போகிற வீடுகளுக்கு ரயிலை விட்டு இறங்கியதும் நேரே போய், பள்ளிக்கு வராத பிள்ளைகளைக் கையோடு கூட்டி வருவாராம்.

"அப்போ தைரியமா வாங்குங்க. பேப்பர்ல போட்டது பொய்" என்றேன்.

"பொய்யில்ல" என்றார் அண்ணாச்சி. "மந்திரி வீட்டுல நாந்தான் ஒரு வார்த்தை சொல்லி வச்சேன். டீச்சருக்குத் தெரியாது. நல்லதுன்னு நெனச்சுத்தான் செஞ்சேன்."

எதிர் வண்டி வந்து போனது. எங்கள் வண்டியும் நகர்ந்தது.

"நீங்க சொல்லலேன்னா எனக்குக் கெடைச்சிருக்காதா அண்ணாச்சி?"

"அது எனக்கு எப்படித் தெரியும் டீச்சர்?"

"இனிமே எனக்கும் தெரியாதுல்லா."

கல்லிடைக்குறிச்சியில் டீச்சர் யாரையும் பார்க்காமல் இறங்கிப் போனார். அண்ணாச்சியும் அங்கேதான் இறங்க வேண்டும். இறங்கவில்லை.

சென்னையில் நான் வேலைக்குப் போகிற மின்சார ரயிலில் என் பக்கத்தில் தினமும் நிற்பவருக்காக நான் யாரிடமும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. அம்பாசமுத்திரம் வரை அண்ணாச்சி எதிரே உட்கார்ந்து போனேன்.