இருட்டில் 'இருங்கோ' என்றவர்

கொட்டாஞ்சேனையில் பஸ்ஸுக்கு நின்றபோது மதுரா அழைத்தாள். "அன்ரி, அம்மா போயிட்டா. விடியப்புறம், நித்திரையிலேயே." அவளுடைய அம்மா சிவகங்கை அக்கா, துறைமுகத்துக்குப் பக்கத்து அலுவலகத்தில் என்னோடு நெடுங்காலம் வேலை பார்த்தவர். ஆறுதல் சொல்ல வேண்டிய நான் கேட்டது, "லைட் எரிஞ்சுதா?" என்பதுதான். மதுரா கோபிக்கவில்லை. "இல்ல அன்ரி, இருட்டுத்தான்" என்றாள். அதற்குப் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

அக்காவை அறியாதவர்களுக்கு இந்தக் கேள்வி கிறுக்குத்தனமாகத் தெரியும். யாழ்ப்பாணத்தில் அவர் இளம்பெண்ணாக இருந்தபோது, விமானச் சத்தம் கேட்டால் விளக்கை அணைத்துவிட்டு, மண்ணுக்கடியில் தோண்டிய பங்கருக்குள் இறங்குவார்களாம். அந்த இருட்டு அவரை விடவில்லை. கல்யாணமாகி வெள்ளவத்தைக்கு வந்த பிறகும் லைட் எரிந்தால்தான் தூக்கம். அலுவலகத்தில் கரண்ட் போனால் பட்டப்பகலிலும் என் கையை இறுகப் பிடித்துக்கொள்வார்.

ஓய்வுபெற்ற பிறகு, வீட்டில் ஜன்னலே இல்லாத சாமான் அறையைக் காலி செய்து, கதவிடுக்கில் துணியைச் செருகி, கும்மிருட்டில் தியானம் செய்யத் தொடங்கினார். "உங்களுக்கு ஏன் அக்கா இந்த வேலை?" என்று கடிந்துகொண்டேன்.

"சாகேக்க, அந்தக் கடைசி நேரத்தில, நான் லைட்டைத் தேடக் கூடாது. அவ்வளவுதான்" என்றார்.

முதலில் வியர்த்து விறுவிறுத்து வெளியே ஓடி வருவார். முகத்தைத் துடைத்துவிட்டு மறுபடியும் உள்ளே போவார். அப்படியொரு பிடிவாதம்.

என் கணவர் இறந்து நான் தூக்கமில்லாமல் தவித்தபோது என்னையும் கூப்பிட்டார். கதவைச் சாத்தியதும், "இருங்கோ" என்றார். கொட்டாஞ்சேனைக்காரியான எனக்கு அது "பொறுங்க" என்றுதான் விளங்கியது. அடுத்து என்ன சொல்வார் என்று சுவரைப் பிடித்தபடி, கால் கடுக்க நின்றேன். கதவைத் திறந்தவர் திகைத்துவிட்டார்.

"ஐயோ, நிண்டுகொண்டே இருந்தனீங்கள்? உங்களை இருக்கச் சொன்னனான் எல்லோ!"

"இருக்கத்தானே சொன்னீங்க, இருந்தேன்!"

யாழ்ப்பாணத்தார் இருக்கச் சொன்னால் உட்காரச் சொல்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாததல்ல. இருட்டில் புத்தி வேலை செய்யவில்லை. விழுந்து விழுந்து சிரித்த அக்கா, சிரிப்பு அடங்கியதும், "நானும் உள்ளுக்க பொறுத்துக்கொண்டுதான் இருக்கிறன், பயம் போகட்டும் எண்டு" என்றார்.

இனி வைத்தியமில்லை என்று களுபோவில ஆஸ்பத்திரியிலிருந்து அவரை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு பார்க்கப் போனேன். அம்மா பயப்படுவார் என்று மதுரா எல்லா லைட்டையும் போட்டு வைத்திருந்தாள். "லைட்டை நூருங்கோ" என்றார் அக்கா. மதுரா தயங்கினாள், நான்தான் அணைத்தேன். அவருடைய கையைப் பிடித்தேன். அது என் கையை இறுக்கவில்லை. இளஞ்சூடாக, தளர்வாக, சும்மா கிடந்தது. எவ்வளவு நிம்மதி எனக்கு!

"இருங்கோ அக்கா" என்றேன். போய்விடாதீர்கள் என்ற பொருளில்தான் சொன்னேன். அவருக்கு விளங்கியது.

"எனக்கு இனி ஏலாது. நீங்கள் இருங்கோ."

இறுதிக்கிரியை முடிந்து எல்லோரும் கலைந்த பின், அந்தச் சாமான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். இந்த முறை "இருங்கோ" என்று சொல்ல யாரும் இல்லை. நானாகவே உட்கார்ந்தேன்.

போய் வாருங்கள், அக்கா. நான் இருக்கிறேன்.