நேந்துவிட்ட சேவல்

ஊர் உலகத்துக்கெல்லாம் முட்டை அனுப்புகிற நாமக்கல் சீமையில் இருந்துகொண்டு, வீட்டு முட்டைக்காகக் கோழி வளர்க்க ஆரம்பித்தவர்கள் நாங்களாகத்தான் இருக்கும். தெருவில் எல்லோரும் அப்படிச் சொல்லித்தான் சிரித்தார்கள். திருச்செங்கோட்டுக்கு வெளியே சங்ககிரி போகிற சாலையில், சோளக்காட்டைச் சைட்டு பிரித்து ஒரு நகர் உண்டாக்கியிருந்தார்கள். வாத்தியார்கள், பேங்க்காரர்கள், லாரி ஆபீசில் வேலை பார்ப்பவர்கள் என்று மாசச் சம்பளக்காரர்களாக வந்து வீடு கட்டினார்கள். வாசலுக்கு வாசல் குரோட்டன்ஸ் தொட்டி. நடுவில் எங்கள் வீடு மட்டும் கொக்கரித்துக்கொண்டிருந்தது.

அப்பா போர்வெல் போடுகிற ரிக் வண்டியில் டிரில்லர். வருஷத்தில் முக்கால்வாசி நாள் சத்தீஸ்கர், மத்தியப் பிரதேசம் என்று வடக்கேதான் இருப்பார். தீபாவளிக்கும் மாரியம்மன் நோம்பிக்கும் வருவார். வீடு சத்தமில்லாமல் கிடக்கிறது, நாலு கோழியாவது இருக்கட்டும் என்று அம்மா கேட்டாள். ஒரு தீபாவளி லீவில் அப்பா பழைய இரும்புக் குழாய்களை வாங்கிவந்து பின்வாசலில் கூண்டு அடித்துக் கொடுத்தார். பாறையைத் துளைத்துத் தண்ணீர் எடுக்கிற மனுஷர் வைத்த கூண்டுக் கதவு ஒருநாளும் ஒழுங்காகச் சாத்தவில்லை. செங்கல்லை அண்டக் கொடுத்துத்தான் மூடுவோம்.

அம்மா தன் பிறந்த வீட்டிலிருந்து ஒரு பெட்டைக்கோழியையும், தவிட்டுக்குள் பொதித்த முட்டைகளையும் பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். கண்டக்டர் கோழிக்கும் டிக்கெட் எடுங்க என்று கேலி செய்தார். கோழி அடையில் உட்கார்ந்தது. நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் அதற்கு முன்னால் குந்தியிருப்பேன். பொரிந்த குஞ்சுகளில் கழுத்து மட்டும் செம்பட்டையாக இருந்த ஒன்றை என்னுடையது என்று அறிவித்தேன். அதுதான் சேவலாக வளர்ந்தது. நான் போகிற இடமெல்லாம் பின்னாலேயே வரும். என் தட்டிலிருந்து இட்லி தின்னும்.

எங்கள் பக்கத்தில் பெரியவர்களையும் சாமி என்பார்கள், குழந்தைகளையும் சாமி என்பார்கள். அம்மா ஒருபடி மேலே போய்விட்டாள். என்னைக் கூப்பிட்டாலும் சாமி, பால்காரரைக் கூப்பிட்டாலும் சாமி, கோழிகளுக்குத் தீனி போடும்போதும் “வாங்க சாமி, வாங்க சாமி” என்பாள். ஒரே குரலுக்கு நானும் ஓடுவேன், கோழிகளும் ஓடிவரும். அப்பா இருந்தால், நானும் வரட்டுமா என்று கேட்டுச் சிரிப்பார்.

சேவல் கூவ ஆரம்பித்ததும் வம்பும் ஆரம்பித்தது. எதிர்வீட்டில் ரிட்டையரான வாத்தியார் ஒருவர் இருந்தார். ஒருநாள் வேரோடு பிடுங்கிய குரோட்டன்ஸ் செடியைக் கையில் பிடித்தபடி வந்து நின்றார்.

“ஏனுங்கம்மா, உங்க சேவலுக்கு மணி பாக்கத் தெரியாதுங்களா? விடியறதுக்கு எத்தன நேரங் கெடக்குது, அதுக்குள்ள கூப்பாடு. பகல்லயாவது சும்மா இருக்குதுங்களா? செடியப் பூராப் பறிச்சுப்போட்டுருச்சு.”

“மன்னிச்சுக்குங்க சார். இந்த ஞாயித்துக்கெழம அடிச்சுர்றனுங்க,” என்றாள் அம்மா.

நான் அழுத அழுகைக்கு அளவில்லை. சோறு தின்ன மாட்டேன் என்றேன். சேவலைத் தூக்கிக்கொண்டு கட்டிலுக்கடியில் போய்ப் படுத்தேன். அம்மா அசையவில்லை.

சனிக்கிழமை வடக்கேயிருந்து போன் வந்தது. அப்பாவுக்கு மஞ்சள் காமாலை, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று வண்டியில் கூட இருந்தவர்கள் சொன்னார்கள். போனை வைத்த அம்மா நேரே பின்வாசலுக்குப் போய்ச் சேவலைப் பிடித்தாள். சனிக்கிழமையே அறுக்கப் போகிறாள் என்று நான் கத்தினேன். அவள் அதன் காலில் மஞ்சள் கயிற்றைக் கட்டி, முனியப்பன் கோயில் இருக்கும் திசையைப் பார்த்து நின்றாள்.

“முனியப்பா, அவரு நல்லபடியா ஊடு வந்து சேந்துரோணும். இவன உனக்கு நேந்து உட்டுட்டேன், சாமி.”

நேந்து விடுவது என்றால் என்ன என்று எனக்குத் தெரியாது. ‘உட்டுட்டேன்’ என்பது மட்டும்தான் காதில் விழுந்தது. சேவலை விட்டுவிட்டாள்! அப்பாவுக்குக் காமாலை என்ற கவலையைவிட அந்தச் சந்தோஷம்தான் பெரிதாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமையும் கூவல் கேட்கவே வாத்தியார் வந்து பார்த்தார். கால் கயிறு கண்ணில் பட்டதும் செருப்பைக் கழற்றிவிட்டார். “சாமிச் சேவலுங்களா? அப்பக் கூவட்டுமுங்க, கூவட்டும்.” அன்றிலிருந்து அவர் வீட்டுப் பழைய சோறு எங்கள் சேவலுக்கு வந்தது. அது அவருடைய குரோட்டன்ஸ் தொட்டியிலேயே மண்குளியல் போட்டது. அந்தத் தெருவில் அதைக் கேட்க ஆளில்லை.

ஒருநாள் அப்பா போனில் பேசினார். குரல் ரொம்ப மெலிந்திருந்தது. நான் அவரைப் பேசவே விடாமல் சேவலைப் பற்றியே சொல்லிக்கொண்டிருந்தேன். “வந்து கூண்டுக் கதவச் சரிபண்ணித் தாரேன் கண்ணு,” என்றார். அதற்குமேல் பேச முடியவில்லை, கூட இருந்தவர் போனை வாங்கிக்கொண்டார். நானும் விளையாடப் போய்விட்டேன்.

அப்பாவை அழைத்துவரச் சித்தப்பா புறப்பட்டார். வாசலில் மேய்ந்துகொண்டிருந்த சேவலைப் பார்த்து, “அண்ணனக் கூட்டியாரேன். அன்னைக்கோட உன்ற கதை முடிஞ்சுதுடா,” என்றார். அம்மாவைச் சிரிக்க வைக்கத்தான் சொல்லியிருப்பார். அவள் சிரிக்கவில்லை. நான்தான் சித்தப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஏன் ஏன் என்று நச்சரித்தேன். அப்பா வீடு வந்ததும் சேவலைக் கோயிலில் கொண்டுபோய் வெட்டுவார்கள், நேந்துவிட்டது அதற்குத்தான் என்று அவர் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் அம்மா என்னை முனியப்பன் கோயிலுக்குக் கூட்டிப்போனாள். பெரிய மீசையும் உருட்டிய கண்ணும் கையில் அரிவாளுமாகச் சாமி உட்கார்ந்திருந்தது. அம்மா கண்ணை மூடிக்கொண்டு உதடு துடிக்க நின்றாள். நானும் கண்ணை மூடினேன். யோசித்து யோசித்து, எதையும் விட்டுவிடாமல் கேட்டேன். ‘அப்பா வீட்டுக்கு வரணும். ஆனா சேவல வெட்டக்கூடாது.’

அப்பா வீட்டுக்கு வந்தார். மேலே விளக்கு சுழலும் வெள்ளை வண்டியில் வந்தார். சித்தப்பா முதலில் இறங்கி, தெரு என்றும் பாராமல் அம்மாவின் காலடியில் விழுந்து கதறினார். வாத்தியார் தன் வீட்டு நாற்காலிகளையெல்லாம் தூக்கிவந்து எங்கள் வாசலில் போட்டார். யாரோ என்னை அணைத்துக்கொண்டு அழுதார்கள். எல்லோரும் அழுததால் நானும் அழுதேன். அப்பாவுக்கு என்ன ஆயிற்று என்று சொன்னார்கள், எனக்கும் தெரிந்துதான் இருந்தது. ஆனால் அடுத்த நோம்பிக்கு அவர் வருவார் என்பதும் எப்படியோ கூடவே தெரிந்திருந்தது. அந்த இரண்டும் ஒரே மண்டைக்குள் இருந்தன.

கருமாதி முடிந்து சொந்தபந்தம் கிளம்புகிற நேரத்தில் பெரியம்மா சேவலைப் பார்த்துத் தயங்கினாள். “நேந்ததாச்சே, இத என்ன பண்றது?” வேண்டுதல் பலிக்காத சேவலைக் கோயிலுக்கும் கொடுக்க முடியாது, குழம்பும் வைக்க முடியாது. விற்றால் வாங்குவாரும் இல்லை. “அது பாட்டுக்கு இருக்கட்டுங்க,” என்றாள் அம்மா.

எல்லோரும் போன பிறகு அம்மா பின்வாசலில் உட்கார்ந்து, சேவலை மடியில் வைத்துக் காலிலிருந்த கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். முடிச்சு இறுகிப்போய் விரலுக்கு அகப்படவில்லை. அவள் முகம் பார்க்கச் சகிக்கவில்லை. ஏதாவது நல்ல சேதி சொல்லி அவளைத் தேற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. என்னிடம் ஒன்று இருந்தது.

“அம்மா, நான் வேண்டுனதுதான் பலிச்சிருக்குது. அப்பா வரணும், ஆனா சேவல வெட்டக்கூடாதுன்னு கேட்டேன். சாமி ரெண்டையுமே குடுத்துருச்சும்மா.”

அம்மாவின் விரல்கள் நின்றுவிட்டன. என்னைப் பார்த்தாள். அடிப்பாளோ என்றுகூடப் பயந்தேன். அவள் என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, காற்றோடு பேசுகிற மாதிரி, “ஆமாஞ் சாமி,” என்றாள். எனக்குத்தான் சொன்னாள் என்று நினைத்தேன். கயிறு அவிழ்ந்ததும் சேவல் மடியிலிருந்து குதித்துச் சிறகடித்துக் கூவியது. நான் கைதட்டினேன்.

அந்தச் சேவல் கொண்டை தொங்கிக் கிழடாகும்வரை எங்களோடு இருந்தது. அம்மா ஒருவேளைகூட அதற்குத் தீனி தவறவிட்டதில்லை. கூண்டுக் கதவை யாரையும் சரிசெய்ய விடவில்லை, செங்கல்லை அண்டக் கொடுத்தே மூடினாள். ஆனால் கோழிகளை “பா, பா” என்றுதான் அழைத்தாள். பால்காரரை அண்ணா என்றாள். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். சாமி என்ற வார்த்தை பிறகு அவள் வாயிலிருந்து வரவேயில்லை.

நானும் அதைக் கவனித்தேன். மூன்றாம் வகுப்புக்குப் போய்விட்டேன், பெரிய பிள்ளையாகிவிட்டேன், அதனால்தான் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள் என்று பள்ளிக்கூடத்தில் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன்.