பின்னால் கேட்கும் விசில்

சைக்கிளில் ஆட்களைக் கூட்டிப்போய் ஊர் காட்டும் தொழிலில், டயருக்கு முன்னால் தேய்ந்துபோவது கூட்டிப்போகிறவனின் கழுத்துதான்.

பள்ளிப் பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துப்போன வாத்தியார்களே, கல்யாண வேனில் சொந்தக்காரர்களை ஏற்றிப்போன அண்ணன்மார்களே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கிளம்பிய அத்தனை பேரும் முழுசாகத் திரும்ப வேண்டும். அந்தக் கவலையில் எத்தனை தடவை திரும்பிப் பார்ப்போம் என்பது நமக்குத்தான் தெரியும்.

ஞாயிறு விடிந்ததும் பிள்ளையார்பாளையத்தில் கிளம்புவோம். ஏனாத்தூர் தாண்டி, ஏரிக்கரை ஏறி, வயல்வெளியைச் சுற்றிக்கொண்டு இட்லி நேரத்துக்குத் திரும்பிவிடுவோம். பாதை கடினமில்லை. முன்னால் நான் போவேன், கடைசியில் என் மனைவி செல்வி வருவாள். முதுகுக்குப் பின்னால் நடப்பது தெரியாத பயத்தில் அவள் கழுத்தில் ஒரு விசிலை மாட்டிவிட்டேன். ஒரு முறை ஊதினால் பின்னால் வண்டி வருகிறது. இரண்டு முறை ஊதினால் நில். ஒன்றும் கேட்காவிட்டால் எல்லாம் நலம். இந்தக் கடைசி விதியை யோசித்துப் போட்ட மேதாவி நான்தான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஏரியைச் சுற்றிக் காட்டுகிற எனக்கு நீச்சல் தெரியாது. செல்விக்குத் தெரியும்.

தெருவில் பாவு

எங்கள் நெசவுப் பேட்டையில் காலையில் தெருவிலேயே பாவு போடுவார்கள். புடவையின் நீளவாட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி நீவிவிடுவார்கள். அரை வெளிச்சத்தில் பட்டு இழை கண்ணுக்கே தெரியாது. சென்னையிலிருந்து வந்த ஓர் இளைஞர், "ப்ரோ, நான் லீட் பண்றேன்" என்று என்னைத் தாண்டிப் போய்த் திருப்பத்தில் மறைந்தார். அந்தத் தெருவில் அன்றைக்குப் பாவு என்பது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

கத்திக்கொண்டே பின்னால் விரட்டினேன். திருப்பத்தில் கிறீச்சென்று ஒரு பிரேக் சத்தம். எட்டிப் பார்த்தால், முன்சக்கரத்துக்கும் பாவுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. கஞ்சிக் கையோடு நின்ற அம்மா அந்த இளைஞரை மேலும் கீழும் பார்த்துச் சொன்னார்: "பிரேக் புட்ச்சியே, நல்லா இருப்பா. இல்லாங்காட்டி இந்தக் கல்யாணப் பொடவைக்குப் பொண்ணு வூட்டுக்காரங்களுக்கு நீதான் பதில் சொல்லிக்கினு இருக்கணும்."

உளுந்து ரோடு

அறுவடைக் காலத்தில் உளுந்துக் கொடியைக் காயோடு ரோட்டில் பரப்பிவிடுவார்கள். போகிற வண்டிகள் ஏறி ஏறியே காய் உடைந்துவிடும், அடிக்கிற வேலை மிச்சம். ஆனால் சைக்கிளுக்கு அது எமன். கொடி செயினில் சுற்றிக்கொண்டால் ஆள் குப்புறத்தான்.

ஒரு ஞாயிறு அந்த ரோட்டில் போகும்போது முதலில் ஒரு விசில் கேட்டது. வண்டி வருகிறது. அடுத்த நொடி 'தொப்' என்றொரு சத்தம். திரும்பினேன். சுந்தரி மேடம், அதாவது எங்களிடம் வாராவாரம் வந்து வாராவாரம் கடைசியாகவே ஓட்டும் வங்கி அதிகாரி, உளுந்துக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் மணல் லாரி. செல்வி சைக்கிளைப் போட்டுவிட்டு நடு ரோட்டில் இரண்டு கையையும் விரித்து நின்றாள். லாரி அவளுக்கு முன்னால் உறுமிக்கொண்டு நின்றது. நானும் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினேன். உளுந்துக்கார அம்மா மட்டும் பதறவே இல்லை. மேடத்தைத் தூக்கிவிட்டுச் சொன்னார்: "லாரி ஏறுனாதாம்மா உளுந்து உதிரும். சைக்கிளு ஏறுனா நீதான் உதிருவே."

ஏனாத்தூர் தாண்டி நாய்கள்

அங்கே ஒரு மாந்தோப்பு, அதற்கு நாலைந்து காவல்காரர்கள். எனக்கு நாய் என்றால் ஈரக்குலையே நடுங்கும். ஒரு ஞாயிறு உயிரைக் கொடுத்து மிதித்தேன், அவையும் உயிரைக் கொடுத்துத் துரத்தின. மூச்சு வாங்கிக்கொண்டு தோப்பைக் கடந்து பார்த்தால், செல்வியும் சுந்தரி மேடமும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாவகாசமாக நடந்து வருகிறார்கள். நாய்கள் அவர்களை மோந்துகூடப் பார்க்கவில்லை. செல்வி சொன்னாள்: "நீங்க ஓடுறதப் பாத்தா எனக்கே தொரத்தணும்னு தோணுது."

கோடி போன ஞாயிறு

ஏரி நிரம்பி வழிவதை எங்கள் பக்கத்தில் 'கோடி போகுது' என்போம். ஊரே திரண்டு, வழிகிற தண்ணீரில் மஞ்சள், குங்குமம், பூ போட்டுக் கும்பிடும். அந்த ஐப்பசி ஞாயிறு நாங்கள் போனபோது மேளமும் பட்டாசுமாக ஏரிக்கரையே அதிர்ந்தது. வழிந்த தண்ணீர் தரைப்பாலத்தின் மேல் கணுக்கால் அளவு ஓடியது. என் பின்னால் வந்தவர்களை இறக்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அக்கரை சேர்த்தேன்.

திரும்பிப் பார்த்தால் செல்வியும் சுந்தரி மேடமும் இல்லை. எதிர்க்கரையில் பனைமரங்கள் பாதையை மறைத்தன. விசிலும் இல்லை. என் விதிப்படி எல்லாம் நலம். ஆனால் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. நான் வரும்போது வெளியே தெரிந்த பாலத்து ஓரக்கல் இப்போது தெரியவில்லை. அவர்கள் இறங்கி, தண்ணீர் அடித்துக்கொண்டு போயிருந்தால்? "அண்ணா, இப்ப எறங்காத, இழுப்பு சாஸ்தியா இருக்குது" என்று ஒருவர் கத்தியது காதில் விழுந்தது. அதற்குள் நான் இறங்கியிருந்தேன்.

நடுவில் முழங்கால் அளவு. தண்ணீர் காலடி மண்ணை உருவிக்கொண்டு போனது. கால் வழுக்கி விழுந்தேன், வாய்க்குள் தண்ணீர், எழுந்தேன், மறுபடி விழுந்தேன். "செல்வீ" என்று கத்தினேன், மேளம் அதை விழுங்கிவிட்டது. செத்தேன் என்றுதான் நினைத்தேன். யாரோ சட்டைக் காலரைப் பிடித்து எதிர்க்கரையில் இழுத்துப் போட்டார்கள்.

பனைமரத்துக்குப் பின்னால் செல்வியும் மேடமும் நெற்றி நிறையக் குங்குமத்தோடு, கையில் பொங்கலோடு நின்றிருந்தார்கள். தண்ணீர் ஏறுவதைப் பார்த்ததுமே செல்வி மேடத்தை நிறுத்திவிட்டு, இரண்டு இரண்டாக ஊதிக்கொண்டே இருந்திருக்கிறாள். மேளத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. சொட்டச் சொட்ட நின்ற என்னைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்தது. பொங்கலை மேடத்திடம் கொடுத்துவிட்டு, முந்தானையால் என் தலையை அழுத்தித் துவட்டினாள். கண் கலங்கியிருந்தது, குரலில் மட்டும் அத்தனை கோபம்: "ரெண்டு தபா ஊதுனா நிக்கணும்னு நீங்கதான சொன்னீங்க? நான் நின்னுக்கினு இருந்தேன். நீச்சல் தெரியாத ஆளு, யாரக் காப்பாத்த எறங்குனீங்க?"

இப்போது விதியை மாற்றிவிட்டோம், எல்லாம் நலமாக இருக்கும்வரை செல்வி விசில் ஊதிக்கொண்டே வர வேண்டும், சத்தம் நின்றால் ஆபத்து. ஆகவே ஞாயிறு முழுக்க ஊரை எழுப்பிக்கொண்டு ஒரு சத்தம் எங்கள் பின்னாலேயே வருகிறது, அவள் மூச்சு வாங்க நிறுத்துகிற போதெல்லாம் என் கழுத்து தானாகத் திரும்பிவிடுகிறது.