சிவப்புத் துணி

நேற்றுவரை என் மேசை இழுப்பறையில் விரல் நீளச் சிவப்புத் துணி ஒன்று கிடந்தது. பழைய புடவையிலிருந்து கிழித்தது, கிரீஸ் பிசுக்கு இன்னும் போகவில்லை. அதைக் கட்டியவர் எங்கள் ஸ்டோர் அக்கா. கும்மிடிப்பூண்டியில் கார்களுக்குத் தகடு அடிக்கும் எங்கள் கம்பெனியில் இயந்திர உதிரிகளெல்லாம் அவர் பொறுப்பு. மீஞ்சூரிலிருந்து மின்சார ரயிலில் வருவார். செய்த கம்பெனியே மூடிப்போய், இனி எங்கும் கிடைக்காது என்கிற பாகத்தில் மட்டும் சிவப்புத் துணி கட்டிவைப்பார். "இதெல்லாம் கூடப் பொறந்ததுங்கோ மாதிரி சார், போச்சுன்னா வேற வராது" என்று சிரிப்பார்.

உற்பத்தியைப் பெருக்க ஆலோசகர்கள் வந்தார்கள். ஒரு வருடமாகக் கை படாத பொருளுக்கெல்லாம் சிவப்பு அட்டை ஒட்டி எடைக்குப் போடச் சொன்னார்கள். அந்த வேலைக்கு நான்தான் தலைவன். அக்கா மகள் நிச்சயதார்த்தத்துக்காக விடுப்பில் இருந்த சனிக்கிழமை லாரி வந்தது. ஏற்ற வந்தவர்களிடம், "சிவப்பு இருக்கறதெல்லாம் ஏத்துங்க" என்றேன். அட்டையும் சிவப்பு, துணியும் சிவப்பு. எனக்குத் தெரியாததா? தெரிந்தும் யோசிக்கவில்லை, சாயந்திரத்துக்குள் முடிக்கும் அவசரம். திங்கட்கிழமை அக்கா காலி அலமாரி முன் நின்றார். "ஊட்ல விசேஷம்னு ரெண்டு நாள் போனா, இன்னா சார் இப்டி பண்ணிட்டீங்கோ?" தரையில் விழுந்திருந்த ஒரு துணியை நான் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

இரண்டே மாதத்தில், தகடு அடிக்கும் பெரிய பிரஸ்ஸின் வால்வு போனது. அக்கா துணி கட்டிவைத்திருந்த மாற்று வால்வு எடைக்குப் போய்விட்டது. வெளியே கொடுத்து ஒன்று செய்து வாங்கும்வரை ஒன்பது நாள் இயந்திரம் நின்றதில் ஆர்டர் கைமாறியது. விசாரணையில், கிடங்கில் முறையான அடையாளம் இல்லை என்று முடிவு கட்டி அக்காவிடம் ராஜினாமா எழுதி வாங்கினார்கள். நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்ததும், "நீ ஒரு வார்த்தை சொல்லுவேன்னு உன் வாயையே பாத்துக்கினு இருந்தேன்" என்றார். அதுவரை என்னை அவர் 'நீ' என்றதில்லை.

போன வாரம் புதிய பயிற்சியாளர் வந்தார். நாளை என்ன வந்தாலும் தாங்கி நிற்கும் நிறுவனம் என்பது தலைப்பு. மாற்றே இல்லாத பாகங்களை எப்படி அடையாளம் காட்டுவீர்கள் என்று கேட்டார். "துணி கட்டலாம்" என்று என் வாயில் வந்துவிட்டது. அரங்கமே கை தட்டியது. எனக்கு எரிச்சலில் உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. யோசனை சொன்னவர் பெயரைக் கேட்டு அவர்கள் தந்த படிவத்தில் அக்காவின் பெயரை எழுதிக் கொடுத்தேன். அப்படி ஒரு பணியாளர் இல்லை, உங்கள் பெயரைப் போடுங்கள் என்று நேற்று திருப்பி அனுப்பினார்கள்.

அவர் பெயரை நான் அடிக்கவில்லை. கீழே குறிப்பு என்ற இடத்தில், அன்று லாரிக்காரர்களிடம் சொன்னதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இழுப்பறையிலிருந்த துணியை எடுத்து அதன்மேல் குண்டூசியால் குத்தி அனுப்பிவிட்டேன். அந்தக் காகிதத்தை இந்தக் கம்பெனி தாங்குமா என்று பார்க்கிறேன்.