லைசென்ஸை மறுத்து வாழ்த்து வாங்கிய டாக்டர்

டாக்டர் திருவேங்கடம் காலமான செய்தியை என் வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தவர் சின்னையன். பால்காரர் வந்துபோன நேரம். "அய்யா, நம்ம டாக்டர் போயிட்டாருங்க" என்று சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். எனக்குத் துக்கம் வருவதற்கு முன்னால் வேறொன்று வந்தது. நானும் டாக்டர்தான். தென்னூரில் உட்கார்ந்து, இந்தச் சின்னையனுக்கும் இவருடைய சகாக்களுக்கும் வருஷக்கணக்காக நாடி பார்த்தவன். அப்படியிருக்க, என் வாசலில் நின்றுகொண்டு ஆற்றுக்கு அந்தப்புறம் ஸ்ரீரங்கத்தில் இருந்தவரை 'நம்ம டாக்டர்' என்கிறார். நான் வெறும் 'அய்யா'. இறந்தவரைப் பார்த்துப் பொறாமைப்படுவது அழகில்லை என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அவர் இருந்தவரை பட்டுக்கொண்டிருந்ததை, போன மறுநிமிஷமே நிறுத்திக்கொள்ள என்னால் ஆகவில்லை.

மோட்டார் தொழிலாளர்கள் கொண்டுவரும் இந்த நினைவு மலருக்கு அவரைப் பற்றி எழுதும்படி நீங்கள் என்னைத்தான் கேட்டீர்கள். அவரை நன்றாக அறிந்தவர் நீங்கள்தான் என்றும் சொன்னீர்கள். வாஸ்தவம். அவர் என்ன செய்கிறார், எப்படிச் செய்கிறார் என்று ஓயாமல் விசாரித்துக்கொண்டே இருந்தவன் நான். அதற்குக் காரணம் அன்பு என்று நீங்கள் நினைத்திருந்தால், தொடர்ந்து படியுங்கள்.

பஸ், லாரி ஓட்டுகிறவர்கள் லைசென்ஸ் வாங்கவும் புதுப்பிக்கவும் டாக்டர் சர்டிபிகேட் கொண்டுவர வேண்டும் என்று சட்டம் வந்த புதிது. கண், காது, இருதயம் பார்க்க வேண்டும். வலிப்பு, மயக்கம், மாலைக்கண் உண்டா, சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரிகிறதா என்றெல்லாம் பார்க்க வேண்டும். அதற்காக நான் சுவரில் ஓர் எழுத்துப் பலகை மாட்டினேன். மேலே பெரிதாகத் தொடங்கிக் கீழே போகப்போகச் சிறுத்துக்கொண்டே போகும் இங்கிலீஷ் எழுத்துகள். நம் டிரைவர்களில் பலருக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆகவே எழுத்தின் பெயர் வேண்டாம், உருவத்தைச் சொன்னால் போதும் என்று சலுகை கொடுத்தேன். கூரை, வட்டம், ஏணி, சீப்பு என்று சொல்லித் தேறினார்கள். கொஞ்ச நாளில் இது பஸ் நிற்கும் இடத்து டீக்கடையில் பாடமாகிவிட்டது. பரிசோதனை முடிந்து போனவர், வரப்போகிறவருக்குக் கடைசி வரியைச் சொல்லிக்கொடுத்து அனுப்புவார். ஒருநாள் ஒருவர், நான் பலகையின் திரையை விலக்குவதற்குள் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிக்க ஆரம்பித்துவிட்டார்.

பிடித்துவிட்டோம் என்ற பெருமையோடு ஆற்றைக் கடந்து போய்த் திருவேங்கடத்திடம் சொன்னேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். "தெரியுமே ஓய்! இங்க வரவாள்ளாம் எனக்குப் பாடியே காட்டிட்டாளே. கடைசி வரில சீப்பு ரெண்டு தரம் வரதாமே?" என்றார். நான் துப்பறிந்து கண்டுபிடித்த திருட்டைத் திருடியவர்களே அவரிடம் போய்ச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். ஒரு மனிதரிடம் அப்படி என்னதான் இருக்கிறது? நெற்றியில் நாமம், கழுத்தில் ஸ்டெதஸ்கோப், பொத்தான் போன ஒரு கோட்டு. அன்று திரும்பி வரும்போது பாலம் எனக்கு ரொம்ப நீளமாக இருந்தது.

அவர் பலகையை நம்பியவர் அல்ல. "பகல்ல கண்ணைப் பார்த்துட்டா ஆச்சா? பஸ் சாயங்காலமும் ஓடறதோல்லியோ?" என்பார். அப்போது யுத்த காலம். பஸ்களின் முன்விளக்குகளில் பாதிக்குக் கறுப்புப் பூசியிருந்தார்கள். பெட்ரோல் கிடைக்காமல் கரி வாயுவில் ஓடிய பஸ்கள் பாலத்தின் மேல் தடவித் தடவித்தான் போகும். அவர் டிரைவரை விளக்கு வைக்கும் நேரத்துக்கு வரச்சொல்லிக் காவேரிப் பாலத்துக்குக் கூட்டிக்கொண்டு போவார். "எதிர்ல என்ன வரதுன்னு சொல்லிண்டே வா" என்பார். டிரைவர் சொல்லிக்கொண்டே நடப்பார். இவர் கேட்டுக்கொண்டே நடப்பார். பரிசோதனை என்றால் அவ்வளவுதான்.

சின்னையன் அப்போது ஜீயபுரம் மார்க்கத்தில் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். லைசென்ஸைப் புதுப்பிக்க முதலில் என்னிடம்தான் வந்தார். இதை இங்கே அழுத்திச் சொல்லிக்கொள்கிறேன். பலகையைத் தடங்கலில்லாமல் சொன்னார். ஆனால் ஜன்னலை அடைத்துவிட்டுப் பார்த்தபோது அவருடைய கண்கள் இருட்டுக்குப் பழகவே இல்லை. மாலைக்கண். மீன் எண்ணெய் கொடுத்தேன். ஈரலும் கீரையும் சாப்பிடச் சொன்னேன். ஒரு மாதம் பார்த்தும் பலனில்லை. அது ஆகாரக் குறைவால் வந்ததல்ல, கண்ணின் உட்திரையிலேயே இருக்கும் நோய், மருந்து கிடையாது என்று தெரிந்தது. சர்டிபிகேட் தர முடியாது என்று சொன்னேன்.

"பகல் நடை மட்டும் ஓட்டிக்கிறேங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

"லைசென்ஸில் பகல் ராத்திரி என்று பிரிவு கிடையாது சின்னையன்."

"வேற தொழில் தெரியாதுங்க. மூணு புள்ளைங்க இருக்கு."

அவர் பிள்ளைகளைப் போலத்தானே பஸ்ஸில் வருகிறவர்களின் பிள்ளைகளும்? மறுத்தேன். மறுநாள் அவர் மனைவி வந்து என் வாசல் மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனாள். தெருவே வேடிக்கை பார்த்தது.

சின்னையன் பாலத்தைக் கடந்து திருவேங்கடத்திடம் போனார். முதல் நாள் சாயங்காலம் அவர் சொன்னதெல்லாம் சரியாக இருந்ததாம். காது கூர்மை. சலங்கைச் சத்தம் கேட்டால் மாட்டு வண்டி, சங்கிலிச் சத்தம் கேட்டால் சைக்கிள். டாக்டர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஒத்தை மாடா, ரெட்டை மாடா?" சின்னையன் குருட்டாம்போக்கில் ரெட்டை என்றார். சரியென்றும் சொல்லவில்லை, தப்பென்றும் சொல்லவில்லை, டாக்டர் பாட்டுக்கு நடந்தார். அடுத்த நாளும் நடந்தார்கள். மூன்றாம் நாள் பாலத்து ஓரத்தில் வைக்கோல் வண்டி ஒன்று நின்றுகொண்டிருந்தது. மாடுகளை அவிழ்த்துக் கட்டியிருந்ததால் சத்தமே இல்லை. சின்னையன் நேராக அதன்மேல் நடந்தார். டாக்டர் முழங்கையைப் பிடித்து நிறுத்தினார். பேசவில்லை. சின்னையன் கையை நீட்டி வைக்கோலைத் தொட்டுப் பார்த்தார். "இதுக்குள்ள பஸ்ஸையே கொண்டாந்து விட்டிருப்பேனே சாமி" என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு மடியிலிருந்து லைசென்ஸை எடுத்து அவரே டாக்டர் கையில் கொடுத்தார்.

அடுத்த வாரம் சின்னையன் மனைவி ஒரு வாழைத்தாரைத் தலையில் சுமந்துகொண்டு ஸ்ரீரங்கம் போய்க் கொடுத்துவிட்டு வந்தாள். நாங்கள் இருவரும் சொன்னது ஒரே பதில். எனக்கு மண், அவருக்குத் தார். அதுவும் நல்ல பூவன் என்று கேள்விப்பட்டேன்.

பொறுக்க முடியாமல் சின்னையனையே கேட்டுவிட்டேன். அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "உங்க மேல கோவம் இல்லீங்க. நீங்க சொன்னதும் சரிதான். ஆனா அவருகிட்ட தோத்துட்டு வீட்டுக்குப் போனா சோறு இறங்குதுங்க." பஸ் முதலாளியிடம் சின்னையனுக்கு ஷெட்டில் பகல் வேலை கொடுக்கும்படி நானும் சொல்லியிருந்தேன், திருவேங்கடமும் சொல்லியிருந்தார். வேலை கிடைத்தது. யார் சொல்லிக் கிடைத்தது என்று ஊர் பேசியது என்பதை உங்களிடம் நான் சொல்ல வேண்டியதில்லை.

திருவேங்கடத்திடமே போய்ச் சண்டை பிடித்தேன். "நானும் அதைத்தானே சொன்னேன்? நான் சொன்னா விரோதம், நீங்க சொன்னா பிரசாதமா?"

"நீர் சொன்னீர். நான் எங்கே சொன்னேன்? அவன்னா சொன்னான்!" என்றார். "என்னங்காணும், ஒருத்தன் ஜீவனத்தைப் பிடுங்கறோம். மூணு சாயங்காலம் கூட நடக்கப்படாதா?"

சரி, நடந்துதான் பார்ப்போமே என்று நானும் ஒரு லாரி டிரைவரை உய்யக்கொண்டான் வாய்க்கால் கரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கொஞ்ச தூரம் போனதும் அவர் நின்றுவிட்டார். "அய்யா, எதுவா இருந்தாலும் இங்கயே சொல்லிடுங்க. எதுக்கு இருட்டுல கூட்டிக்கிட்டுப் போறீங்க?" என்றார். நான் என்னவோ அவரைத் தள்ளிவிடத் திட்டம் போட்டவன் மாதிரி. போதாக்குறைக்கு, என் வாய் சும்மா இருக்கவில்லை. அவர் பதில் சொல்வதற்குள், "அதோ பாரும், சைக்கிள் வருகிறதல்லவா?" என்று நானே சொல்லிவிடுவேன். பக்கத்தில் நடப்பவரின் தடுமாற்றத்தைப் பார்த்துக்கொண்டு பேசாமல் நடக்க ஒரு பொறுமை வேண்டும். அது திருவேங்கடத்திடம் இருந்தது, என்னிடம் இல்லை. அதோடு அந்த வித்தையை விட்டுவிட்டேன்.

சென்ற வருஷம் ஒருநாள் திருவேங்கடம் தம்முடைய சின்னக் காரை ஓட்டிக்கொண்டு என் வைத்தியசாலைக்கு வந்தார். அவர் லைசென்ஸுக்கும் புதுப்பிக்கும் தவணை வந்திருந்தது. சொந்தக் கார் ஓட்டுகிறவர்களுக்கு டாக்டர் சர்டிபிகேட் தேவையில்லை. உடம்பு நன்றாக இருக்கிறது என்று தாமே எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும்.

"அதுல ஒரு கேள்வி இருக்கு ஓய். திடீர்னு மயக்கம், கிறுகிறுப்பு வரதுண்டான்னு. அதுக்கு எனக்குப் பதில் எழுத வரலை. நீர் பார்த்துச் சொல்லும்" என்றார். சித்திரை வீதியில் ஒருமுறையும் வீட்டுக் கூடத்தில் ஒருமுறையும் விழுந்திருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை.

நாடியைப் பிடித்தேன். ஓடிக்கொண்டே இருந்துவிட்டு நின்றது. பிறகு மறுபடி ஓடியது. நெடுநேரம் பிடித்துப் பார்த்தேன். எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. அவர் வழியையே பிடித்துக்கொண்டு, "நீங்களே சொல்லுங்களேன்" என்றேன்.

"என் வித்தையை என்கிட்டயே காட்டாதேயும். ஊர்ல எத்தனையோ டாக்டர் இருக்கா. எவனைக் கேட்டாலும், 'உங்களுக்கென்ன சுவாமி'ன்னு சொல்லி அனுப்பிடுவான். முடியாதுன்னு சொல்ல நீர் ஒருத்தர்தான் இருக்கீர். அதுக்குத்தான் ஆத்தைத் தாண்டி வந்திருக்கேன்."

"முடியாது. இனிமே நீங்க காரைத் தொடக்கூடாது" என்றேன்.

முகம் சட்டென்று வாடிவிட்டது. "பகல்ல மட்டும் ஓட்டிக்கறேனே?" என்று கேட்டார். எத்தனையோ டிரைவர்களிடம் நான் கேட்ட அதே குரல். முடியாது என்று தலையை ஆட்டினேன். கார்ச் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு, "சுருக்கமாச் சொல்லிட்டீர், நன்னாயிருந்தது" என்று சிரித்துக்கொண்டே எழுந்து குதிரை ஜட்கா பிடிக்கப் போனார். என் மறுப்பை வாங்கிக்கொண்டு சிரித்தபடி வெளியே போன முதல் ஆள் அவர். அதிலும் அவர்தான் முதல்.

அன்று தொடங்கி ஜட்காவில்தான் நோயாளிகளைப் பார்க்கப் போய்வந்தார். சென்ற மாதம் சிந்தாமணியில் ஒரு பிரசவம் பார்த்துவிட்டுச் சாயங்காலம் பாலத்தின்மேல் வரும்போது ஜட்காவிலேயே உயிர் பிரிந்திருக்கிறது. தூங்குகிறார் என்று வண்டிக்காரர் நினைத்துக்கொண்டார். வீட்டு வாசலில் நிறுத்தி, "சாமி, வீடு வந்திருச்சுங்க" என்று எழுப்பியபோதுதான் தெரிந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது சித்திரை வீதி முழுக்க டிரைவர்கள். கோயிலில் பரிவட்ட மரியாதை பெறும் பெரிய மனிதர்கள் இறந்தாலும் அந்தக் கூட்டம் வராது. என் காதில் விழும்படியே ஒருவர் சொன்னார்: "அந்தத் தென்னூர் டாக்டர் காரைப் பிடுங்கிட்டாரு. மனுஷன் ஜட்காவுல குலுங்கிக் குலுங்கியே போயிட்டாரு." பலர் தலையாட்டினார்கள். செத்தவர் வாசலில் நின்று நாடிக் கணக்கா பேச முடியும்?

சின்னையன்தான் திரும்பினார். "நிறுத்துங்கய்யா. நேத்து அந்த நேரத்துல ஷெட்டுலேந்து வீட்டுக்குப் பாலத்துமேலதான் நடந்து வந்துக்கிட்டு இருந்தேன். எனக்குக் கண்ணு தெரியாது. ஒரு ஜட்கா என்னை உரசிக்கிட்டுப் போச்சு. அது அவர் வந்த ஜட்கான்னு இப்பத்தான் வண்டிக்காரர் சொல்லித் தெரியுது. ஜட்காங்கிறதால குதிரை தானா ஒதுங்குச்சு. கார்னா நான் இன்னிக்கு இங்க நிப்பனா?"

அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பது என்ன என்று சொல்லி முடிக்க வேண்டும். அவருடைய பொறுமை என்று எழுதினால் அழகாக இருக்கும், ஆனால் அது எனக்கு வரவே இல்லை. பொறாமைதான் மிச்சம். அதுவும் இப்போது புதிதாக ஒன்று. எனக்கும் அவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. என் கார் லைசென்ஸுக்கும் அடுத்த மாசி மாதம் தவணை. சில நாட்களாக மாடிப்படி ஏறினால் எனக்கும் கண் இருட்டுகிறது. அந்த மயக்கக் கேள்விக்கு எதிரே நானும் பேனாவை வைத்துக்கொண்டு உட்காரத்தான் போகிறேன். ஊரில் உள்ள ஒவ்வொரு டாக்டரையும் மனத்தில் நிறுத்திப் பார்த்துவிட்டேன். எல்லோரும் என்னிடம் மரியாதை உள்ளவர்கள். எல்லோரும் சிரித்துக்கொண்டே, 'உங்களுக்கென்ன' என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். திருவேங்கடத்துக்கு நான் இருந்தேன். எனக்கு யாரும் இல்லை. அந்தக் கொடுப்பினையை நினைத்தால் இன்னும் என் வயிறு எரிகிறது.